முந்நூற்றைம்பது

பவளக்காவின் குரற்பதிவு
மூன்று நிமிடம் பதினொரு செக்கன்.
ரொறன்ரோவில் அவள் கோப்பை கழுவுகிற சத்தத்துக்குள்ளால்
மாவும் மாஜரினும் முட்டையும் வந்துகொண்டிருந்தன.
"சீனியோடை சேத்து வெள்ளையா வருமட்டும் அடி,
கை நோகுதெண்டு விட்டிடாதை.
பிறகு முந்நூற்றைம்பதிலை வை."

ஆரணிக்குப் பன்னிரண்டு வயது.
மனுசி வேலையால் வர ஏழாகும்.
கோண்டாவிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை
நானும் ஒரு மரக்கரண்டியும்.

சீட்டுக் காசில், கஸ்தூரியார் வீதியில்
பேரம் பேசி வாங்கிய ஒவன்.
அதன் திருகு இருநூற்றைம்பதோடு நின்றுவிடும்.
நூறு குறைகிறது.
இந்த வீட்டில் எதிலும் கொஞ்சம் குறையத்தான் செய்யும்,
ஆகையால் நான் யோசிக்கவில்லை.
கடைசி மட்டும் திருகினேன்.
கூட ஓர் அரை மணித்தியாலம் விட்டால்
அந்த நூறும் சரிக்கட்டும் என்று
கணக்கும் போட்டேன்.

எண்ணெய்த்தாள் இல்லை.
மகளின் போன வருடத்துக் கணக்குக் கொப்பியில்
இரண்டு ஒற்றை கிழித்து, நெய் தடவி,
தட்டின் அடியில் விரித்திருந்தேன்.

பதினைந்தாம் நிமிடம் மணத்தது.
இருபதாம் நிமிடம் மணம் வேறாயிற்று.
வேலிக்கு மேலால் யோகராசா அண்ணர் தலை நீட்டினார்:
"என்ன தம்பி, நுளம்புக்குப் புகை போடுறியளோ?"
ஓம் என்றேன்.
"நல்லது, எங்கடை பக்கமும் கொஞ்சம் வரட்டும்."

கவிழ்த்தபோது மேலே கரி,
நடுவில் கூழ்,
அடியில் ஒட்டிக்கொண்ட நெடும்பிரித்தல் ஒன்று.
அதன் விடை எரிந்துபோய்
மீதி மூன்று மட்டும்
ரீச்சரின் சிவப்புச் சரியோடு கிடந்தது.
காகம் மதிலில் வந்திருந்து பார்த்தது,
தலையைச் சரித்து இன்னொருக்கால் பார்த்தது,
போய்விட்டது.
ஆரணி கரண்டியால் கூழைத் தோண்டி
"இனிப்புச் சரி அப்பா" என்றாள்.
அதற்குமேல் அவளும் சாப்பிடவில்லை.

சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்திப் பேக்கரிக்குப் போனேன்.
இருந்தது ஒன்று. ரோசாப்பூப் போட்டது.
பெயர் எழுதித் தர நேரமில்லை என்றார்கள்.

"படம் அனுப்படா" என்று அக்கா.
பூக்களைக் கரண்டியால் வழித்தேன்,
மேலே கொஞ்சம் கோணலாகத் தடவினேன்,
வீட்டில் செய்தது கோணலாகத்தானே இருக்கும்.
மகள் பார்த்துக்கொண்டு நின்றாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
அனுப்பினேன்.

அங்கே அதைப் பெரிதாக்கிப் பார்த்திருப்பாள்.
கேக்குக்குக் கீழே
பேக்கரிக்காரர் வைக்கிற தங்கநிற மட்டையை
எடுக்க மறந்திருந்தேன்.
பதிலுக்கு ஓர் இதயம் வந்தது,
பிறகு ஒன்றும் வரவில்லை.

இரவு பத்தரைக்கு எடுத்தாள்.
பல்லுக் கொதி,
காணி உறுதியில் இன்னும் மாற்றாத பெயர்,
மருமகனின் புதுக் கார்,
வெளியே மைனஸ் பதினாறு.
எல்லாம் கதைத்து முடித்து
வைக்கப் போகிறபோது, ஏதோ நினைவு வந்தவள்போல:
"இந்த நாட்டிலை ஒரு விசர்க் கணக்கடா.
குளிருக்கு ஒரு அளவு, அடுப்புக்கு வேறை அளவு.
இஞ்சத்தை முந்நூற்றைம்பது
உங்கை நூற்றெழுபத்தைஞ்சுதான் வரும்.
உனக்கெண்டு சொல்லேல்லை,
ஆரும் கேட்டால் சொல்லு."
"ஓம், ஆரும் கேட்டால் சொல்லுறன்" என்றேன்.

எல்லோரும் படுத்தபிறகு
லைற்றைப் போட்டுத் திருகைப் பார்த்தேன்.
நூற்றெழுபத்தைந்து அதில் எழுதியில்லை.
நூற்றைம்பதுக்கும் இருநூறுக்கும் இடையில்
வெறும் வெள்ளை.
மனுசியின் நகப்பூச்சை எடுத்து
அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தேன்.
காயுமட்டும் ஊதிக்கொண்டு நின்றேன்.